முந்தையது செல்லாது

பிப்ரவரி 3

அன்புள்ள சின்னு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்புக்கு நன்றாகவே இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் படியேறும்போது மட்டும் சத்தம் போடுகிறது. போன மாதம் நீ வந்தபோது இளைத்துத் தெரிந்தாய். ஆய்வகத்தில் நின்றுகொண்டே வேலை என்று சொல்லிச் சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என்னை சூப்பர்சீட் செய்துவிட்டார்கள்.

நேற்றுக் காலை ஷிப்ட் மாறும் நேரம். பம்பு அறைக்கு வெளியே இருக்கும் பலகையில் தலைமை அலுவலகத்துச் சுற்றறிக்கையை எழுத்தர் குத்திக்கொண்டிருந்தார். கூடி நின்று வாசித்தவர்கள் என்னைப் பார்த்ததும் விலகி வழி விட்டார்கள். நல்ல செய்தியாக இருந்தால் யாராவது ஒருவன் "அண்ணே, டீ எப்போ?" என்று கேட்டிருப்பான்.

நீரேற்று நிலையத்தின் மேற்பார்வையாளராக நெட்டையைப் போட்டிருக்கிறார்கள். உனக்குத் தெரியும், எந்தக் கதவிலும் குனிந்து நுழைகிறவன், எனக்கு அடுத்த இடத்தில் இருக்கிறவன். பழைய மேற்பார்வையாளர் ஓய்வு பெற்ற நாளிலிருந்து அந்த வேலையை நாற்காலி இல்லாமல் பார்த்துக்கொண்டிருப்பது நான். உத்தரவின் கடைசி வரி, என் பணிமூப்பை சூப்பர்சீட் செய்து அவனை நியமிப்பதாகச் சொல்கிறது. காரணம் என்று பார்த்தால் 'நிர்வாக நலன்' என்ற இரண்டு சொல்தான். என்னை மீட்டர் பழுதுபார்க்கும் கொட்டகைக்கு மாற்றியிருக்கிறார்கள். குளோரின் அறைச் சாவியையும் நெட்டையிடம் ஒப்படைக்க வேண்டுமாம்.

இந்த வார்த்தையை நானே எத்தனையோ பேரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். "பாவம்பா, அந்த ஆளை சூப்பர்சீட் பண்ணிட்டாங்க" என்று டீயை ஆற்றிக்கொண்டே சொல்வேன். அது நம் தலையில் விழும்போது காது அடைத்துப்போகிறது. நெட்டை வந்து, "அண்ணே, சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே" என்றான். "அவ்வளவு உசரத்துல நிக்கிறவனுக்குத் தெரியாம எது வரும்?" என்றேன். தலையைத் தொங்கப்போட்டான். அப்போதும் என்னைவிட உயரமாகத்தான் இருந்தான்.

வீட்டில் சொன்னால் அம்மா பாதி கேட்டுவிட்டு, "சூப்பர்னா நல்லதுதானே" என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் வாசலில் நின்று வாழ்த்துச் சொன்னார். நானும் நன்றி சொன்னேன். வேறு என்ன செய்யச் சொல்கிறாய்?

ஏப்ரல் முதல் தேதி அவன் பொறுப்பேற்கிறான். அதற்குள் நான் அப்பீல் செய்ய வேண்டும். என் ஆங்கிலம் வால்வுக்கும் பம்புக்கும் போதும், இதற்குப் போதாது. நீ எழுதிக் கொடு. அந்த வார்த்தைக்குப் பெரிய அகராதியில் என்ன போட்டிருக்கிறது, எதற்கெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்றும் விவரமாக எழுது. அவர்கள் வார்த்தையை வைத்தே அவர்களை மடக்க வேண்டும். நிலையத்து போனில் பேசினால் பம்பு அறை முழுக்கக் கேட்கும், அதனால் கடிதம்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அப்பா


பிப்ரவரி 16

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதம் வந்து சில நாள் ஆகிறது. தாமதத்துக்கு மன்னியுங்கள். நான் நலம். அம்மாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள். முந்தின வருஷம் உங்களுக்கு வந்த அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு முழுதாக ஒரு மருத்துவரிடம் காட்டிக்கொண்டீர்களா? எழுதுங்கள்.

நீங்கள் கேட்ட சொல்லைப் பெரிய அகராதியில் பார்த்தேன். ஒன்றின் இடத்தில் இன்னொன்று வருவதற்கு ஆங்கிலத்தில் பல சொற்கள் இருக்கின்றன. பல்பு போய்விட்டால் வேறு பல்பு மாட்டுகிறோம், அதற்கு ரீப்ளேஸ். ஒருவர் வராத நாளில் இன்னொருவர் அவர் வேலையைப் பார்க்கிறார், அவர் திரும்பியதும் விலகிக்கொள்கிறார், அது சப்ஸ்டிட்யூட். சூப்பர்சீட் இரண்டிலும் சேராது. புதியது வந்த கணத்தில் பழையதின் அதிகாரம் முடிந்துவிடுகிறது என்று பொருள். புதிய விதி வந்தால் முந்தைய விதி செல்லாது. புதிய வரைபடம் வந்தால் பழையதை வைத்துக் குழாய் தோண்டக் கூடாது. பழையது தப்பு என்று அந்தச் சொல் எங்கும் சொல்வதில்லை. அது எழுதப்பட்ட காலத்தில் சரியாகத்தான் இருந்திருக்கும். மூலத்தில் 'மேலே உட்காருதல்' என்று அர்த்தமாம்.

அகராதியில் ஆட்களுக்கும் போட்டிருக்கிறார்கள். ஆனால் எடுத்துக்காட்டுகளில் அதிகம் வருவது உத்தரவுகளும் கருவிகளும்தான்.

அப்பீலைப் பற்றி யோசிக்கிறேன். இங்கே கோடைக்கு முந்தைய தண்ணீர் மாதிரிகள் மலைபோலக் குவிந்திருக்கின்றன. கொஞ்சம் பொறுங்கள். அதுவரை நெட்டை அண்ணனிடம் சண்டை போட வேண்டாம்.

அன்புடன்,
சின்னு


பிப்ரவரி 25

சின்னுவுக்கு,

நலம், நலமறிய ஆவல் எல்லாம் இருக்கட்டும். உன் கடிதத்தை மூன்று பேருக்கு வாசித்துக் காட்டினேன். "பாடம் நல்லா நடத்துதுண்ணே உங்க பொண்ணு" என்றார் நிலையத்துத் தோட்டக்காரர். நான் கேட்டது அப்பீல். வந்தது இலக்கண வகுப்பு.

மேலே உட்காருதல் என்று எழுதியிருக்கிறாயே, அது மட்டும் பொருத்தம். ஆள் உட்கார்ந்திருக்கும்போதே அவன் மடியில் இன்னொருத்தனை உட்கார வைத்திருக்கிறார்கள். பழைய வரைபடம் என்கிறாய். வரைபடத்துக்குத் தண்ணீர் தெரியுமா? எனக்குத் தெரியும்.

நம் நிலையத்து வழக்கம் உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. அப்பீலில் சேர்க்க வேண்டும், கவனமாகக் கேள். குளோரின் சிலிண்டர் மாற்றும்போதெல்லாம் மூத்தவர்தான் முதலில் கதவைத் திறக்க வேண்டும். வாசலில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்து, "சரி" என்று சொன்ன பிறகுதான் மற்றவர்கள் கால் வைப்பார்கள். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் செய்தார். கசிவு மணி கெட்டுப்போய் எவ்வளவோ காலமாகிறது. எழுதிப் போட்டோம், வரவில்லை, அப்புறம் நாங்களும் விட்டுவிட்டோம். "அண்ணன் மூக்கு இருக்கும்போது மணி எதுக்கு?" என்பார்கள். அம்மோனியாத் துணியைக் காட்டி கசிவுக்கு வெள்ளைப் புகை வருகிறதா என்று பார்க்கும் சோதனையெல்லாம் புத்தகம் படித்து வந்தவர்களுக்கு.

யாரோ என்னைப் பற்றித் தலைமைப் பொறியாளரிடம் போட்டுக்கொடுத்திருக்கிறார்கள். எழுத்தர் ஜாடையாகச் சொன்னார். "மேல யாரோ வாய்மொழியா பேசியிருக்காங்க, காகிதம் இல்ல" என்றார். நெட்டையைத் தவிர யாருக்கு இதில் லாபம்? இப்போது அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். அவன் "வணக்கம்ணே" என்றால் பம்பைப் பார்க்கிறேன். அவனும் விடாமல் நான் எங்கே போனாலும் பின்னாலேயே வருகிறான். நேற்று சிலிண்டர் அறைக்கும் வந்தான். "என்னடா, நாற்காலிக்கு அளவெடுக்க வந்தியா?" என்றேன். "சும்மாதாண்ணே" என்கிறான். முகத்தில் அடித்த மாதிரிக் கேட்டும் போகவில்லை.

அப்பீலை உடனே அனுப்பு. காய்ச்சல் எல்லாம் என்றோ போய்விட்டது, மருத்துவர் எதற்கு?

அப்பா


மார்ச் 4

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். எனக்கு எழுதிப் பழக்கம் விட்டுப்போயிற்று. நீ சுகமாக இருக்கிறாய் என்று நினைக்கிறேன்.

அப்பா வேலைக்குப் போன பிறகு உட்கார்ந்து எழுதுகிறேன். அவருக்கு இது தெரியாது. நேராகவே கேட்டுவிடுகிறேன். நீதானா?

ஜனவரியில் நீ வந்திருந்தபோது அடுப்பில் பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கருகிப்போய் வீடு முழுக்க நாற்றம். நாம் இருவரும் கடையிலிருந்து வந்து வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டோம். அவர் அடுப்புக்கு அடுத்த அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "என்னப்பா, பால் கருகிப்போச்சே, தெரியலையா?" என்று கேட்டாய். "படிச்சிட்டிருந்தேன்மா, கவனிக்கல" என்றார். உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். நீ கிளம்பிப் போய்க் கொஞ்ச நாளில் இந்த உத்தரவு வருகிறது.

எனக்கு முன்பே தெரியும். அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு அவருக்கு வாசனை போய்விட்டது. மண்ணெண்ணெய் துடைத்த துணியை எடுத்து முகம் துடைத்தார். நான் பதறிப் பிடுங்கினேன். "ஏண்டி, கழுவின துணிதானே?" என்றார். சோப்பை மூக்கருகே வைத்து வைத்துப் பார்ப்பார். நான் வந்தால் கீழே வைத்துவிடுவார். என்னிடம்கூட வாய் திறந்து சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் உடைந்துவிடுவாரோ என்று பயம். கொஞ்ச வருஷம் ஓட்டிவிட்டால் ஓய்வு வந்துவிடும் என்று இருந்தேன்.

நீதான் என்றால் ஏன் அப்படிச் செய்தாய்? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் பக்குவமாகப் பேசியிருக்க மாட்டேனா? பெற்ற அப்பனை நாலு பேர் முன்னால் இறக்கிவிடலாமா? நீ இல்லை என்றால் என்னை மன்னித்துவிடு, இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு.

அம்மா


மார்ச் 9

அன்புள்ள அம்மா,

நான்தான்.

உன் உடம்பைக் கேட்டுத் தொடங்கியிருக்க வேண்டும். முடியவில்லை.

பால் கருகியதோடு போயிருந்தால் நானும் உன்னைப் போலப் பேசாமல் இருந்திருப்பேன். மறுநாள் காலை நான் கிளம்பும்போது பேருந்து நிறுத்தம் வரை அப்பா கூட வந்தார். வழியில் பெருமையாகச் சொன்னார்: "நாளைக்கு சிலிண்டர் மாத்துறோம். நான் போய் வாசல்ல நின்னு சரின்னு சொல்லணும், அப்பதான் ஒருத்தன் உள்ள போவான்." மூக்கு இல்லாத மனிதர் வாசலில் நின்று சரி என்கிறார், அவரை நம்பி உள்ளே போகிறார்கள். நான் வேலை செய்வது தண்ணீர் ஆய்வகத்தில், அம்மா. அந்த வாயு ஒரு மூடிய அறைக்குள் ஆளை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

பேருந்தில் போகும்போதெல்லாம் அவரிடம் எப்படிச் சொல்வது என்று வாக்கியம் கோத்துப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. இறங்கியதும் நேரே தலைமைப் பொறியாளர் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். அப்பாவை அந்த அறை வேலையிலிருந்து மட்டும் விலக்குங்கள், காரணம் எதிலும் எழுதாதீர்கள் என்று கேட்டேன். பதவியைப் பறிக்கச் சொல்லவில்லை. சுற்றறிக்கையை ஆய்வகத்துப் பலகையில் பார்த்துத்தான் நானும் தெரிந்துகொண்டேன்.

அப்பாவிடம் நானே சொல்கிறேன். நீ சொல்லாதே. கொஞ்சம் அவகாசம் கொடு. அப்பீல் எழுதித் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். எதை எழுதுவேன்?

சின்னு


மார்ச் 20

சின்னு,

உனக்கு நேரமில்லை என்று தெரிந்துகொண்டேன். அப்பீலை நானே எழுதிவிட்டேன். நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். பிழை மட்டும் திருத்தி அனுப்பு. வார்த்தைகளை மாற்றாதே, அவை என்னுடையவை.

சாரத்தைச் சொல்கிறேன். என் காலத்தில் ஒரு கசிவுகூட அந்தச் சுவரைத் தாண்டியதில்லை என்று தொடங்கியிருக்கிறேன். நீ சொன்ன பொருளையும் சேர்த்திருக்கிறேன், அதிகாரம் முடிந்துபோகும் அளவுக்கு என்னிடம் எது கெட்டுப்போயிற்று என்று அவர்கள் எழுத்தில் காட்ட வேண்டும் என்று. முடிவில்தான் முக்கியமான இடம் வருகிறது. 'என் தகுதியில் ஐயம் இருந்தால் தலைமை ஆய்வகத்தில் பணிபுரியும் என் மகளையே கேட்டுக்கொள்ளலாம். உண்மையைத் தவிர வேறு எதையும் சொல்லிப் பழக்கமில்லாதவள்' என்று எழுதியிருக்கிறேன். வாசித்ததும் எழுத்தர், "இது போதும்ணே, இதுக்கு மேல சாட்சி வேணுமா?" என்றார்.

மாத முடிவுக்குள் நானே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். கொடுத்துவிட்டு உன்னையும் பார்த்துவிட்டு வருகிறேன். அம்மா என்னவோ வேண்டாம், வேண்டாம் என்கிறாள். அவளுக்கு இந்த விஷயம் பிடிபடவில்லை.

உனக்கு என்ன வேண்டும் என்று எழுது, வரும்போது எடுத்து வருகிறேன்.

அப்பா


மார்ச் 24

அப்பா,

தயவுசெய்து அந்தக் காகிதத்தைக் கொடுக்காதீர்கள். என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் நான் உண்மையைத்தான் சொல்வேன். ஏற்கெனவே சொல்லியும்விட்டேன்.

தலைமைப் பொறியாளரிடம் பேசியது நெட்டை அண்ணன் இல்லை. நான். உங்களுக்கு வாசனை தெரியவில்லை என்று சொன்னேன். பால் கருகிய அன்று எனக்குப் புரிந்துவிட்டது. உங்களுக்கும் தெரியும், அப்பா. சோப்பை மூக்கருகே வைத்துப் பார்க்கிறவருக்குத் தெரியாமல் இருக்காது.

அந்த அறையில் நீங்கள் விழுந்து கிடப்பது போலவே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. நீங்கள் சரி என்று சொன்னதைக் கேட்டு உள்ளே போனவர்களும் அங்கே கிடந்தார்கள். அதைத் தள்ளிவிட்டு என்னால் வேலை செய்ய முடியவில்லை. இத்தனை நாள் உங்கள் கடிதங்களுக்கு அர்த்தம் எழுதி, எடுத்துக்காட்டு எழுதி, உண்மையை எழுதாமல் ஓட்டினேன். கோழைத்தனம்தான்.

திட்டுங்கள். ஆனால் பதில் எழுதுங்கள்.

சின்னு


ஏப்ரல் 2

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை அவரேதான் பிரித்தார். நின்றுகொண்டு வாசித்தார், அப்புறம் உட்கார்ந்து மறுபடி வாசித்தார். "என்னங்க?" என்றேன். "உனக்குத் தெரியுமா?" என்றார். தலையை ஆட்டினேன். "எல்லாருக்கும் தெரியும் போல. எனக்குத்தான் கடைசியா தெரியுது" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அதுவரை பார்த்ததில்லை.

அப்பீலைக் கொடுக்கப் போகவில்லை. கிழிக்கவும் இல்லை. நேற்று நெட்டை பொறுப்பேற்றானாம். இவர் விடுப்பு போட்டுவிட்டு வீட்டில் இருந்தார். இன்று காலை ஒன்றும் சொல்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு நிலையத்துக்குப் போயிருக்கிறார். சாப்பிடக்கூட இல்லை. நீ இப்போது எதுவும் எழுதாதே, விடு. அவராக எழுதட்டும்.

உன் மேல் எனக்கு இருந்த கோபத்தை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா


ஏப்ரல் 26

சின்னுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். உயிரோடு, நடமாடிக்கொண்டு இருக்கிறேன். அதற்கு மேல் நலத்தைப் பற்றி எழுதத் தெரியவில்லை.

உன் கடிதம் வந்த பிறகு நிலையத்துக்குப் போனேன். நெட்டை புது நாற்காலியில் உட்காராமல் அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

"எனக்கு மூக்கு போனது உனக்குத் தெரியுமா?"

மேசை மேலிருந்த சாவிக் கொத்தை நகர்த்தி வைத்தான்.

"டேய், வாயைத் திற."

"தெரியும்ணே."

"எப்பலேர்ந்து?"

"அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் நீங்க வேலைக்கு வந்தீங்களே, அப்பவே. டீயை மோந்து பாக்காம குடிச்சீங்க. நீங்க அப்படிக் குடிக்க மாட்டீங்க."

"ஏன்டா சொல்லல?"

"எப்படிண்ணே சொல்றது? நீங்க வர்றதுக்கு முன்னாடி வந்து நான் அறையைப் பாத்துருவேன். கசிவு இருந்தா மூடி சரி பண்ணிட்டுத்தான் வெளிய வருவேன். அப்புறம் நீங்க வந்து திறப்பீங்க. அதான் உங்க பின்னாடியே சுத்துவேன்."

சின்னு, நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை காலம் நான் வாசலில் நின்று மூச்சை இழுத்துச் சரி என்று சொன்னது, அவன் ஏற்கெனவே சரிபார்த்துவிட்ட அறையை. ஆட்கள் நம்பியது என்னை. அவர்களைக் காப்பாற்றியது அவன். உன் உத்தரவு வருவதற்கு முன்பே என் மேல் இன்னொருவன் உட்கார்ந்திருந்தான். பாரம் தெரியாமல் உட்கார்ந்திருந்தான்.

அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீ லீவுல இருந்த நாள்ல?" என்று கேட்டேன்.

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒரு நாள்தாண்ணே. எங்க வீட்டுல பிரசவம்னு போனேன்ல, அன்னிக்கு."

உனக்கு இதை எழுதியதே இல்லை. எழுத வேண்டிய விஷயம் என்றுகூட நான் நினைக்கவில்லை. போன வருஷ மழையில், அவன் இல்லாத அதே நாளில், தோட்டக்காரர் புல் வெட்டும் கத்தியை எடுக்க அந்த அறைக்குப் போனார். மூலையில்தான் வைத்திருப்பார். நான்தான் கதவைத் திறந்து பார்த்து, "சரி, போங்க" என்றேன். இருமிக்கொண்டே வெளியே வந்து சுவரைப் பிடித்தபடி சரிந்தார். வாயில் நுரை. வண்டியில் ஏற்றி அனுப்பினோம். புல் தூசி, ஆஸ்துமா என்று மருத்துவமனையில் சொன்னார்கள். நானும் அதையே நாலு பேரிடம் சொன்னேன். பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு, "பீடியை விடுங்கய்யா" என்று புத்தி சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து நெட்டை ஒருநாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோதும் வந்தான். அவன் சம்பள வெறி பிடித்தவன் என்று நான் பின்னால் பேசியிருக்கிறேன்.

நேரே தோட்டக்காரர் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு வாக்கியம் பேசினால் ஒரு முறை இருமுகிறார். நான் சொன்னேன், அன்றைக்கு அறையில் கசிவு இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை, தெரியாமலே சரி என்று சொன்னேன் என்று. அவர் வெகுநேரம் என்னைப் பார்த்தார். "நீங்க சரின்னு சொன்னீங்களேண்ணே" என்றார். திட்டியிருந்தால் எழுந்து வந்திருப்பேன்.

மறுநாள் மருத்துவரிடம் போய், நடந்ததைச் சொல்லி, அவர் நெஞ்சைத் திரும்பப் பார்க்கச் செய்தேன். எது நடந்தது என்று நிலையத்துக்கும் எழுதிக் கொடுத்தேன். இனி விசாரணை வரும். வரட்டும். கசிவு மணி வாங்கும் காகிதத்தை நெட்டை கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டான், முதல் வேலையாக.

இப்போது உன்னிடம் வருகிறேன். நீ செய்தது சரி. இதை எழுத எனக்கு இத்தனை நாள் ஆயிற்று. ஆனால் உன் மேல் கோபம் போகவில்லை. ஏன் என்று எனக்கே பிடிபடவில்லை. தலைமைப் பொறியாளரிடம் நீ என்ன பேசினாய்? கூட்டாமல் குறைக்காமல், வார்த்தைக்கு வார்த்தை எழுது. என்னைப் பற்றிப் பேசியது எனக்கும் தெரிய வேண்டும்.

அப்பா


மே 5

அன்புள்ள அப்பா,

நான் நலமாக இல்லை. நீங்கள் கேட்டதை எழுதுகிறேன்.

மேசைக்கு முன்னால் நின்று, "சார், நீரேற்று நிலையத்துல பொறுப்புல இருக்கறது எங்க அப்பா. அவருக்கு வாசனை தெரியல. குளோரின் அறைக்குள்ள அவரை விடாதீங்க" என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, "நிச்சயமா தெரியுமா?" என்றார். "தெரியும்" என்றேன். "அவர்கிட்ட கேட்டியாம்மா?" என்றார். "இல்ல சார்" என்றேன்.

பேனாவை மறுபடி எடுத்தார். அப்புறம், "அவரை எடுத்துட்டா அங்க யாரைப் போடறது? எனக்கு அந்த நிலையத்துல யாரையும் தெரியாது" என்றார்.

இதை அம்மாவிடமும் மறைத்தேன். பதவியைப் பறிக்கச் சொல்லவில்லை என்று எழுதினேன். அது உண்மை, ஆனால் முழு உண்மை இல்லை. யாரைப் போடுவது என்று அவர் கேட்டதும் நான் யோசிக்கக்கூட இல்லை, அப்பா. நீங்கள் வீட்டில் யாரைப் பற்றி அதிகம் பேசுவீர்களோ, யாரை அதிகம் கிண்டல் செய்வீர்களோ, அந்த நெட்டை அண்ணன் பெயரைச் சொன்னேன். தலைமைப் பொறியாளர் அதைக் காகிதத்தில் குறித்துக்கொண்டார். குறித்ததை நான் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்ல நேரம் இருந்தது. சொல்லவில்லை.

இவ்வளவுதான் நடந்தது. தோட்டக்காரருக்கு எப்படி இருக்கிறது?

சின்னு


மே 17

அன்புள்ள சின்னு,

தோட்டக்காரருக்கு மருந்து மாற்றியிருக்கிறார்கள். இருமல் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. நெஞ்சு பழையபடி ஆகாது என்று மருத்துவர் என்னிடம் தனியாகச் சொன்னார். நான் அவரிடமும் சொல்லிவிட்டேன். இனி யாரிடமும் எதையும் மறைப்பதாக இல்லை. அம்மாவுக்குப் பரவாயில்லை. நான் மீட்டர் கொட்டகைக்குப் போகத் தொடங்கிவிட்டேன். எதிர்ப்புறம் சுற்றுகிற மீட்டர்கள் ஒரு மூட்டை கிடக்கின்றன, அவற்றோடு மல்லுக்கட்டுகிறேன். விசாரணைக்கு அடுத்த மாதம் கூப்பிடுவார்களாம்.

உன் கடிதத்தை அம்மா படிக்கும் முன் நான் மூன்று முறை படித்தேன். கோபம் எதனால் என்று இப்போது தெரிகிறது.

யாரைப் போடுவது என்று என்னைக் கேட்டிருந்தால் நானும் அந்தப் பெயரைத்தான் சொல்லியிருப்பேன். என்னைக் கேட்டிருக்கலாம்.

அப்பா